சிறு தொட்டியில் நெடுங்காலம்

நமது ஆலய மணிக்கூண்டின் சுவரில், தரையில் நிற்போர் கைக்கு எட்டாத உயரத்தில், ஓர் அரசங்கன்று நிற்கிறது. அதை நட்டவர் எவருமில்லை. பறவையின் எச்சத்தோடு வந்து விழுந்த வித்து அது. செங்கல்லுக்கும் காரைக்கும் இடையே ஒரு விரற்கடை அகலமுள்ள வெடிப்பே அதற்கு நிலம். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வெள்ளையடிக்க வருவோர் அதை வெட்டியெறிவர். ஐப்பசி மழை பெய்ததும் அது மீண்டும் துளிர்க்கும். தரையில் வேரூன்றியிருந்தால் இந்நேரம் தெருவே ஒதுங்கி இளைப்பாறும் நிழல்மரமாயிருக்கும். சுவரில் நிற்பதால் அதன் உயரம் ஒரு முழத்தைத் தாண்டவில்லை. அடிப்பகுதியோ முதியவர் ஒருவரின் மணிக்கட்டைப் போல முறுக்கேறிக் கிடக்கிறது.

அந்தக் கூண்டின் கீழே, பங்கு இல்லத் தாழ்வாரத்தில், வேறொரு சிறுமரத்தை வளர்க்க முயன்று நாம் தோற்ற கதையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியுள்ளது. நமது குருத்துவ வெள்ளிவிழாவின்போது, மலைப்பகுதியில் பணியாற்றும் குருநண்பர் ஒருவர் ஆழமற்ற மண்தொட்டி ஒன்றில் ஜூனிபர் மரமொன்றைக் கொணர்ந்து தந்தார். ஒரு சாண் உயரம். ஒரு பக்கமாகச் சாய்ந்த தண்டு. பச்சைக் கம்பளி போன்ற தழை. "இது உங்களையும் என்னையும் விட நெடுங்காலம் வாழக்கூடியது" என்றார். நாம் அதைப் பத்திரமாக நிழலில், அலுவலக மேசைக்கு அருகில் வைத்தோம். தொட்டியின் அடியில் ஒரு தட்டு வைத்து, அதில் எப்போதும் நீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். வந்தவர் எல்லாரும் அதன் பசுமையைப் புகழ்ந்தனர்.

ஒருநாள் கோவிற்பிள்ளை அதன் தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். பட்டையின் கீழே இருக்க வேண்டிய ஈரப்பச்சை இல்லை. காய்ந்த பழுப்பே தெரிந்தது. "சாமி, எலைதான் பச்சையா இருக்கு. மரம் செத்து ரொம்ப நாளாச்சு" என்றார். வேர் அழுகி மாண்ட பின்னரும் ஜூனிபரின் தழை பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும் என்பதை நாம் அதன் பிறகே அறிந்தோம். அந்த வாரங்களிலும் நாம் நாள்தோறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம்.

தோல்வி ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. சில திங்கள்கூட நாம் காக்க இயலாத ஒன்றைப் பிறர் நூற்றாண்டுக்கணக்கில் எவ்வாறு காத்தனர்? விடை தேடிப் புகுந்தபோது, தோட்டக்கலைக் குறிப்புகளை விட மனிதரின் வரலாறே நமக்கு மிகுதியாகக் கிடைத்தது.

ஜூனிபர் என்பது ஒரே மரத்தின் பெயரன்று. சைப்ரஸ் குடும்பத்தைச் சார்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களின் பொதுப்பெயர். குளிர்ந்த வடநாடுகள் தொடங்கி ஆப்பிரிக்க மலைகள் வரை இது பரவியுள்ளது. நம் நாட்டில் இமயமலையே இதன் வீடு. லடாக்கிலும் லாஹௌலிலும் வாழும் மக்கள் இதன் நறுமணத் தழையை வழிபாட்டில் தூபமாகப் புகைக்கின்றனர். தென்னிந்திய மலைகளில் ஜூனிபர் இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலில் நாம் காணும் பைன், சைப்ரஸ் தோப்புகளும் பிற்காலத்தில் கொண்டுவந்து நடப்பட்டவையே.

ஆயினும் இம்மரத்தின் பெயரைக் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களிலேயே நாம் கேட்டிருந்தோம். அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய இறைவாக்கினர் எலியா, பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டுகிறார். எபிரேய மூலத்தில் அது 'ரோத்தெம்' எனும் பாலைப்புதர். புனித எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்தபோது அதனை ஜூனிபர் என்று எழுதினார். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளரோ அதனைச் சூரைச்செடி ஆக்கினர். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள புன்செய்க் காடுகளில் ஆடு மேய்ப்போர் அனைவரும் அறிந்த முட்செடி அது. ஒரே நிழலை மூன்று நாட்டவர் தத்தம் மண்ணில் நிற்கும் மூன்று செடிகளால் புரிந்துகொண்டனர். மரம் ஊர் மாறும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது, மண்ணையும் வெயிலையும் கேட்டே அதை நட வேண்டும் என்பதை நாம் அந்த வகுப்பிலேயே கற்றிருக்கலாம்.

சிறு தொட்டியில் மரம் வளர்க்கும் கலையை உலகம் இன்று போன்சாய் என்னும் ஜப்பானியச் சொல்லால் அழைக்கிறது. ஆழமற்ற தட்டில் நடப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். ஆயினும் அதன் தொடக்கம் சீனாவில். தாங் மரபைச் சேர்ந்த சாங்ஹுவாய் இளவரசனின் கல்லறை 706ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டை ஏந்தி வரும் பணியாளைக் காணலாம். புத்த துறவியரோடும் வணிகரோடும் இக்கலை கடல்கடந்து ஜப்பானை அடைந்தது. அங்கே 1309ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓவியச் சுருள் ஒன்றில், ஒரு வீட்டு முற்றத்தில் தட்டுகளில் நிற்கும் சிறுமரங்கள் தீட்டப்பட்டுள்ளன.

மரத்தைப் பட்டினியிட்டு வதைத்துக் குறுக்குவதே இக்கலை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். வீட்டில் குறுமரம் வைத்தால் குடும்பம் விருத்தியாகாது என்று அஞ்சுவாரும் உளர். உண்மை வேறு. இதற்கெனக் குள்ள விதை எதுவும் இல்லை. காட்டில் நெடிதோங்கும் மரத்தின் வித்தே தொட்டியிலும் முளைக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை எடுத்து, நீண்ட வேர்களைக் கத்தரித்து, புதிய மண்ணில் மீண்டும் நடுகின்றனர். வெட்டிய இடத்தில் சல்லிவேர்கள் புதிதாகக் கிளைத்து மரத்தை இளமையாக வைக்கின்றன. வேருக்கு ஏற்பத் தழையையும் குறைக்கின்றனர். கிளையைச் சுற்றிக் கம்பி கட்டி மெல்ல வளைக்கின்றனர். பட்டையில் கம்பி பதியுமுன் அதை அகற்றிவிடுகின்றனர். கையளவு மண்ணின் சத்து விரைவில் தீர்ந்துபோகும் ஆதலால், தரையில் நிற்கும் மரத்தை விடத் தொட்டி மரத்துக்கே அடிக்கடி உரமிட வேண்டும். கோடையில் ஒருநாள் நீரூற்ற மறந்தாலும் அது மாளக்கூடும். இதைப் பட்டினி என்பதை விட, இடையறாத ஊட்டம் என்பதே பொருந்தும்.

இத்தகைய மரங்களை மையமாகக் கொண்ட பழைய நாடகம் ஒன்று ஜப்பானில் உண்டு. தொட்டி மரங்கள் என்பதே அதன் பெயர். பனி கொட்டும் இரவில் வறிய வீரன் ஒருவனின் குடிசைக்கு ஒரு துறவி வந்து சேர்கிறார். குளிர்காய விறகில்லை. செல்வம் எல்லாம் போன பின்னும் அவன் கைவிடாது காத்துவந்த மூன்று தொட்டி மரங்கள் மட்டும் இருந்தன: பிளம், செர்ரி, பைன். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எரித்து விருந்தினருக்கு வெம்மை தருகிறான். வந்தவர் நாட்டை ஆண்ட ஹோஜோ டோக்கியோரி என்பது பின்னரே தெரிகிறது. மழையிரவில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லை வாரிவந்து, கூரைக் கொம்பை அறுத்து அடுப்பெரித்த இளையான்குடி மாறனாரை அறிந்த தமிழருக்கு இக்கதை அந்நியமன்று. மரத்தின் மேல் அவனுக்கிருந்த அன்பு மனிதனை மறக்கச் செய்யவில்லை என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது.

ஜூனிபர் இக்கலையில் தனிச் சிறப்புப் பெற்றது பிற்காலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷிகோகு தீவின் இஷிசுச்சி மலையிலும், பின்னர் இத்தோய்கவாப் பகுதியின் செங்குத்துப் பாறைகளிலும் பழமையான ஜூனிபர்கள் நிற்பதைச் சிலர் கண்டனர். கயிற்றில் தொங்கி அவற்றைப் பெயர்த்தெடுத்தனர். அம்முயற்சியில் பாறையிலிருந்து வீழ்ந்து உயிரிழந்தோரும் உண்டு. காலப்போக்கில் மலைகளில் அத்தகைய மரங்கள் ஏறத்தாழ அற்றுப்போகும் நிலை வந்தது. அழகின்மேல் கொண்ட ஆசை ஒரு மலையை வறிதாக்கியது என்பதையும் வரலாறு எழுதுவோர் மறைக்கலாகாது. இன்று வளர்ப்போர் பெரும்பாலும் கிளைத்துண்டுகளை நட்டே ஜூனிபரைப் பெருக்குகின்றனர்.

அம்மரங்களில் கண்டோரைக் கவர்ந்தது அவற்றின் தழுவிக் கிடக்கும் சாவும் வாழ்வும் ஆகும். காற்றும் பனியும் கல்லும் மோதிப் பட்டை உரிந்த தண்டு, வெயிலில் வெளுத்து எலும்பு போல் நிற்கும். அதன் ஓரமாகச் செம்பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு பட்டைநாடா வேரிலிருந்து ஏறிச் செல்லும். சில மரங்களில் அதன் அகலம் இரண்டு விரல் அளவே. மேலே விரிந்த பசுமை முழுவதும் அந்த ஒரு நாடாவினால் வாழ்கிறது. அதனை உயிர்நரம்பு எனலாம். தேர்ந்த தோட்டக்காரர் மரத்தைப் பார்க்கும்போது முதலில் தழையைப் பார்ப்பதில்லை; உயிர்நரம்பு எங்கே ஓடுகிறது என்றே தேடுவார். நம் கோவிற்பிள்ளையின் நகம் தேடியதும் அதையே.

இருபதாம் நூற்றாண்டு இச்சிறுமரங்களுக்கும் பெருஞ்சோதனையாயிற்று. 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் டோக்கியோவை அழித்தன. அங்கிருந்த வளர்ப்போர் சிலர் நல்ல மண்ணும் நீரும் தேடி, வடக்கே ஓமியாவில் 1925இல் ஒரு சிற்றூரை நிறுவினர். அங்குக் குடியேறுவோர்க்கு அவர்கள் வகுத்த விதிகள் நான்கு. ஒவ்வொரு வீட்டிலும் பத்து மரங்களேனும் இருக்க வேண்டும். தோட்டம் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டலாகாது. சுவருக்குப் பதிலாக உயிர்வேலியே அமைக்க வேண்டும். ஒருவர் வீட்டின் நிழல் அடுத்தவர் மரத்தின் மேல் விழலாகாது என்ற கருத்தை அவ்விதிகளில் நாம் காண்கிறோம்.

பின்னர் 1945 ஆகஸ்ட் 6. ஆண்டவர் உருமாறிய திருவிழா நாள். காலை எட்டேகாலுக்கு ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டு வெடித்தது. அன்று நகரின் புறத்தே இயேசு சபையின் பயிற்சி இல்லத்தை மருத்துவமனையாக மாற்றிக் காயமுற்றோரைப் பேணிய அருட்தந்தை பேத்ரோ அருப்பேயை நம் வாசகர் பலரும் அறிவர். அதே நகரில், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், யாமாக்கி குடும்பத்தாரின் தோட்டம் இருந்தது. வீட்டுக் கண்ணாடிகள் சிதறி உள்ளிருந்தோரைக் கிழித்தன. எனினும் அவர்கள் உயிர் பிழைத்தனர். முற்றத்துப் பலகையின் மேல் நின்ற மரங்களை உயர்ந்த மதிற்சுவர் காத்தது. அவற்றுள் ஒன்று வெண்பைன். ஜூனிபர் அன்று, ஆயினும் அதன் உடன்பிறப்பைப் போன்ற ஊசியிலை மரம். 1625ஆம் ஆண்டு முதல் அது தொட்டியில் வளர்க்கப்பட்டு வருகிறது.

1976இல் அமெரிக்கா விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு நிறைவுக்கு ஜப்பானியர் 53 குறுமரங்களைப் பரிசாக அனுப்பினர். ஜூனிபரும் அவற்றுள் உண்டு. யாமாக்கி மசாரு தம் குடும்பத்தின் வெண்பைனைக் கொடுத்தார். அது வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் வைக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் அங்கிருந்தோர் அதனைப் பழமையான மரம் என்று மட்டுமே அறிந்திருந்தனர். 2001இல் யாமாக்கியின் பேரர் இருவர், தம் பாட்டனார் தந்த மரத்தைக் காண வந்தனர். அவர்கள் சொல்லியபோதுதான், அம்மரம் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியது என்பது அதனைப் பேணியவர்களுக்குத் தெரிந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தம் நகரை எரித்த நாட்டுக்குத் தம் மூதாதையர் வளர்த்த மரத்தைக் கொடுத்தவர், கொடுக்கும்போது அந்த நாளைச் சொல்லிக் காட்டவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் படிப்பினையை நாம் மறையுரைகளில் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். மனக்கசப்பைச் சொல்லாமல் விடுவதும் அப்படிப்பினைக்குள் அடங்கும் என்பது நமக்கு இம்மரத்தின் வழியாகவே விளங்கியது.

1625 என்ற ஆண்டு நமக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் கடற்கரை மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் இட்ட வித்து முளைத்துத் தழைத்த பின், 1614இல் அந்நாட்டு அரசு கிறித்தவத்தைத் தடை செய்தது. யாரோ ஒருவர் அந்தப் பைன் கன்றைத் தொட்டியில் வைத்துப் பேணிய அதே ஆண்டுகளில், கிறித்தவர் தேடித்தேடிக் கொல்லப்பட்டனர். குருக்கள் இல்லை, ஆலயம் இல்லை, நற்கருணை இல்லை. நாகசாக்கியைச் சுற்றிய மீனவரும் உழவரும் மறைவாக விசுவாசத்தைக் காத்தனர். திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க ஒருவர் எனத் தங்களுக்குள் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். 1865 மார்ச் 17 அன்று நாகசாக்கியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து, தங்கள் இதயமும் குருவின் இதயமும் ஒன்றே என்று அருட்தந்தை பெத்திஜானிடம் அவர்கள் தெரிவித்தனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மரத்தில் உயிர்நரம்பு ஓடிக்கொண்டிருந்தது பொதுநிலையினர் வழியாகத்தான்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த வெண்பைனை நட்டவர் எவரென்று உலகம் போற்றவில்லை. இன்று நீரூற்றுபவர் அதை முடித்து வைக்கப் போவதுமில்லை. ஒவ்வொருவரும் முந்தியவர் கையிலிருந்து பெற்று, ஓர் ஆயுட்காலம் பேணி, அடுத்தவர்க்குக் கையளித்தனர். நீர் எப்போது, வெயில் எவ்வளவு, எந்தக் கிளையைத் தொடலாகாது என்று அருகில் நிற்க வைத்துக் கற்றுத் தந்தனர். மரத்தோடு அந்த அறிவும் கைமாறியதால்தான் மரம் நிலைத்தது.

நாம் அவ்வாறு கற்காததால் நம் ஜூனிபர் மாண்டது. அது வீட்டுக்குள் வாழும் செடியன்று. திறந்த வெளியும், காற்றும், காலை வெயிலும் வேண்டும். நீர் தேங்காத கரடுமுரடான மண் வேண்டும். ஊற்றிய நீர் ஓடிவிட வேண்டும். மேல்மண் சற்றே உலர்ந்த பின்பே அடுத்த நீர். தழை முழுவதையும் இழந்த கிளை மீண்டும் துளிர்ப்பதில்லை ஆதலால், ஒவ்வொரு கிளையிலும் சிறிதேனும் பசுமையை விட்டே கத்தரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டில் சில திங்கள் குளிரில் அது உறங்கி ஓய்வு பெற வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் அந்த உறக்கத்தை நாம் எங்கிருந்து தருவது? மலையில் வாழ வேண்டியதை நிழலும் நீரும் மிகுதியாகக் கொடுத்து நாமே மூழ்கடித்தோம்.

சென்ற ஆண்டு வெறுமையாகக் கிடந்த அத்தொட்டியில் கோவிற்பிள்ளை ஒரு புளியங்கன்றை நட்டார். சாலை அகலப்படுத்தியபோது வெட்டப்பட்ட பெரும் புளியமரம் ஒன்றின் தூரருகே முளைத்திருந்த கன்று அது. புளி நம் வெயிலைத் தாங்கும், சிற்றிலை கொண்டது, வேர் கத்தரித்தாலும் எளிதில் துளிர்க்கும். பெரிய புளி நின்ற இடத்தில் இன்று தார்ச்சாலை உள்ளது. அதன் வழிவந்த கன்று முற்றத்தில், வெயில் படும் இடத்தில், ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. நம்மிடம் அதைக் கொடுத்துவிட்டு அவர், "இதை உள்ளே கொண்டுபோய் வெச்சிராதீங்க சாமி" என்று மட்டும் சொன்னார்.

நமக்கு இப்பங்கிலிருந்து மாற்றல் வரும் காலம் நெருங்குகிறது. குருக்கள் வருவோம், போவோம். ஆயரின் கடிதம் வந்தால் பெட்டியைக் கட்டுவோம். பங்கு இங்கேயே இருக்கும். நாம் தொடங்கியவை பலவற்றின் தழை பச்சையாகத் தெரிகிறது. எதில் உயிர்நரம்பு ஓடுகிறது, எது நம் தழை மட்டுமே என்று நாம் நகத்தால் சுரண்டிப் பார்க்க அஞ்சியதுண்டு. அன்பியங்களிலும், மறைக்கல்வி வகுப்பிலும், நோயாளர் வீடுகளிலும் பெயர் தெரியாமல் உழைக்கும் சிலரை எண்ணும்போது அச்சம் ஓரளவு நீங்குகிறது.

புளியங்கன்றுக்கு நீரூற்றும் பொறுப்பை மறைக்கல்வி மாணவர் இருவர் ஏற்றுள்ளனர். வரும் மாசியில் அதன் வேரைக் கத்தரிக்க வேண்டும். அதைக் கோவிற்பிள்ளை செய்யும்போது அவ்விருவரும் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று, நமக்குப் பின் வரும் பங்குத்தந்தைக்காகப் பங்குக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.